முழுக மறுத்த கப்பல்

சாமித்துரை வீட்டார் மூன்று தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உப்புக்கூடக் கேட்டதில்லை. அந்த வீட்டு மொட்டைமாடியில் நின்று மகள் சத்யபிரியா, டார்ச் லைட்டை மைக் போல வாய்க்கு நேரே பிடித்து, "மேடே, மேடே, மேடே! எங்கள் கப்பல் முழுகுகிறது, உடனே உதவி தேவை" என்று முதலில் ஆங்கிலத்திலும், பிறகு மனத்தில் பதியட்டும் என்று தமிழிலும் கூவினாள்.

கப்பல் ரேடியோ ஆபரேட்டர் சான்றிதழுக்கு அடுத்த வாரம் சென்னையில் தேர்வு. 'மேடே' என்னும் இந்த ஆபத்துக் குரலைத் தடுமாறாமல் கொடுக்காவிட்டால் தேற முடியாது. தேறாவிட்டால் கப்பல் வேலையும் கிடையாது.

எதிர்வீட்டுக் கடலைமிட்டாய்க்காரர் சண்முகராஜ் வாசலில் வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, வீட்டுல ஏதும் கஷ்டமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று வெகு அக்கறையாகக் கேட்டார்.

சாமித்துரைக்கு மீசை துடித்தது. மாடியேறிப் போய், இனி இந்த வீட்டிலிருந்து உதவி கேட்டுச் சத்தம் வரக்கூடாது என்றார்.

மகள் விதிப்புத்தகத்தைப் பிரித்தாள். உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட விதி அது. கப்பல் தலைவர் உத்தரவில்லாமல் ஆபரேட்டர் ஆபத்துக் குரல் கொடுக்கக் கூடாது.

"நீங்கதாம்ப்பா கேப்டன். உத்தரவு குடுங்க."

இத்தனை நாடுகளும் தன் கட்சியில் நிற்பது சாமித்துரைக்குப் பிடித்துப் போயிற்று. நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இஞ்சின் அறையில் தண்ணீர் ஏறுகிறது என்றாள் மகள், இறைக்கச் சொன்னார். கப்பல் சாய்கிறது என்றாள், பொறுக்கச் சொன்னார். இரண்டு நாளில் ஏழு கப்பல்கள் மூச்சுக் காட்டாமல், மானத்தோடு முழுகின. அவளுக்கு ஒருதரம்கூடப் பழகக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சத்யபிரியா இன்னொரு விதியைக் காட்டினாள். தானாகக் குரல் கொடுக்க முடியாத வேறு கப்பலுக்காக நாம் கூப்பிடலாமாம்.

"எதிர்வீட்டுக் கப்பல் முழுகுதுப்பா."

"கூப்பிடு" என்றார் சாமித்துரை, உடனே.

சண்முகராஜ் கப்பல் முழுகும் செய்தி தெருக்கோடிவரை கேட்டது. வெல்லப்பாகு ஒட்டிய கையோடு அவர் மாடியேறி வந்தார்.

"எங்க கப்பல் முழுகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா அண்ணாச்சி? கேப்டன் நான் முழுசா நிக்கேம்லா."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாமித்துரையின் மனைவி வெயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரு கப்பலும் முழுகாதுன்னா பிள்ள பெயிலாத்தான் போவா. பிறகு கயத்தாறு வரைக்கும் அதுதான் பேச்சு."

கேப்டன்கள் இருவரும் பேச்சுவார்த்தையில் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் பேசி உடன்படிக்கை ஆயிற்று. ஒற்றைப்படைத் தேதியில் சண்முகராஜ் கப்பல் முழுகும், இரட்டைப்படையில் சாமித்துரை கப்பல். சத்யபிரியா நோட்டில் எழுத, இரு தலைவர்களும் கையெழுத்திட்டார்கள்.

அன்று தேதி இருபத்திரண்டு. சண்முகராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

சாமித்துரை எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஏட்டி, கூப்பிடு. ஆனா கேப்டன் மேல தப்பில்ல, பாறைதான் வந்து இடிச்சிட்டுன்னு சொல்லு."