வயிற்றில் ஓடிய பதினேழாம் நம்பர்

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் கை வைத்துச் செய்த சத்தியம். தலையில் முடி இல்லாததால் கை கொஞ்சம் வழுக்கியது, சத்தியம் வழுக்கவில்லை.

பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டருக்குக் குரல்தான் சொத்து. "ஏறு, ஏறு" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்களும் காலைத் தூக்கிவிடுவார்கள். "இறங்கு, இறங்கு" என்றால், தங்கள் இடம் வராதவர்களும் இறங்கிவிட்டுப் பிறகுதான் யோசிப்பார்கள். பஸ்ஸை ஓட்டியது அவர் மனைவியின் அண்ணன். வீட்டிலும் மச்சான், பஸ்ஸிலும் மச்சான். ஒருவர் முன்னால் பார்த்தபடி, ஒருவர் பின்னால் பார்த்தபடி, இருவரும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டே ஒற்றுமையாக இருந்தார்கள்.

கண்டக்டருக்குச் சர்க்கரை வந்து பல காலம். மாத்திரைக்கு அடங்கியவரை அடங்கியது. பிறகு டெப்போ டாக்டரம்மா, இனி மாத்திரை போதாது, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் அசரவில்லை. தினம் ஆயிரம் டிக்கெட்டில் ஓட்டை போடுகிறவன், என் வயிற்றில் இரண்டு ஓட்டை போட மாட்டேனா என்றார்.

அதோடு ஆரம்பித்தது ஆட்டம். ஒரு நாள் காலை ஊசி போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் ஓடினார். நடுவழியில் சர்க்கரை ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டது. கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸின் நடுவில் இருந்த இரும்புக் கம்பியிடம் போய், ரொம்ப நேரமாக வழியை மறித்து நிற்கிறீர்களே, கொஞ்சம் பின்னால் நகருங்கள் என்று தன்மையாகக் கேட்டார். கம்பி நகர்ந்தது. அவர் குரல் அப்படி.

கண்ணாடியில் இதைப் பார்த்த மச்சான் பஸ்ஸை ஓரங்கட்டினார். பயணிகள் பதறிப்போய் ஆளுக்கொன்று நீட்டினார்கள். டாஃபி, பிஸ்கட், இரண்டு பாட்டில் கலர், ஒரு கைக்குழந்தை கடித்து வைத்திருந்த சாக்லேட்டின் மறுபாதி. எல்லாம் உள்ளே போயின. மதியம் பார்த்தால் முந்நூற்று இருபது. இப்போது தாகம். பயணிகளின் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு, ரேடியேட்டருக்கு வைத்திருந்த கேனையும் கவிழ்த்துக்கொண்டார். அன்று பஸ் கொதித்துப்போய் நின்றது; கண்டக்டர் குளிர்ச்சியாக இருந்தார்.

விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போயிற்று. ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் இந்த ஏற்ற இறக்கம் அடங்காவிட்டால் பஸ் வேலை கிடையாது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை வைக்கிற அறையில் உட்கார வேண்டியதுதான், சம்பளத்தில் குறைவிருக்காது என்றார். கண்டக்டருக்கு அந்த அறையைத் தெரியும். சுவரெல்லாம் குடைகள், மூலையில் ஒற்றைச் செருப்புகள், அலமாரியில் யாருடையதோ ஒரு பல்செட். ஏறவும் ஆள் கிடையாது, இறங்கவும் ஆள் கிடையாது. குடைகளைப் பார்த்து ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கத்துவான்?

மனைவி தட்டு வைத்தபோது அவர் கையை வைக்கவில்லை. "என்னையும் மறந்து வச்ச சாமானா ஆக்கப் போறாங்க" என்றார்.

"உங்களை யாரு மறப்பா? அந்தக் குரலைக் கேட்டவங்க தூக்கத்துலயும் மறக்க மாட்டாங்க. சாப்பிடுங்க."

சில நாளில் ஒரு வழி பிறந்தது. மார்க்கெட் ஸ்டாப்பில் லேசாக நடுக்கம் வந்தது. விரலைக் குத்தி மெஷினில் பார்த்தால் அறுபத்திரண்டு. நல்ல கூட்டம் வேறு. வழக்கம்போல "ஏறு, ஏறு" என்று தொண்டை கிழியக் கத்தினார். சில ஸ்டாப் தாண்டிப் பார்த்தால் நூற்றுப் பத்து. ஏறு என்றார், ஏறிவிட்டது! மாலையில் இருநூற்று எண்பது காட்டியதும் கடைசி ஸ்டாப்பில் நின்று "இறங்கு, இறங்கு" என்றார். வீட்டுக்குப் போய் ஊசியும் போட்டு, சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது பார்த்தால் நூற்றைம்பது. இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னது கடைசியில் ரத்தத்தின் காதிலும் விழுந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

செய்தி பஸ் முழுக்கப் பரவியது. பயணிகள் நல்ல மனுஷர்கள். கண்டக்டருக்குக் குறைந்தால் ஏறினார்கள், கூடினால் இறங்கினார்கள். ஒரு தையற்காரர் அவருடைய சர்க்கரைக்காக ஒரே ஸ்டாப்பில் ஏழு முறை ஏறி இறங்கினார். ஏழாவது முறை இறங்கி நின்றபோது பஸ் கிளம்பிவிட்டது. அவர் தைக்க வேண்டிய கல்யாணச் சட்டை, கல்யாணத்துக்கு மறுநாள் தயாரானது.

மச்சான் மட்டும் மசியவில்லை.

"மாப்ளே, ஏறு ஏறுன்னு கத்தினப்ப வாயில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். தொண்டை கட்டியிருந்துச்சுன்னு நாலு டாஃபி."

"அப்ப டாஃபிதான்யா ஏத்தியிருக்கு."

"டாஃபி எப்படி மச்சான் ஏத்தும்? அதுக்குக் குரல் இருக்கா?"

மச்சான் ஹாரனை அடித்தார். அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் அதுதான் பெரியது.

ஆனால் தவணை நெருங்க நெருங்கக் குரல் எடுபடவில்லை. அதே ஊசி, அதே அளவு, அதே சாப்பாடு, நேரத்துக்குச் சாப்பிட்டும் ஒரு நாள் ஐம்பத்தெட்டு, மறுநாள் முந்நூறு. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். மறந்த சாமான் அறை வழியாக நடக்கும்போது அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் பேச்சும் குறைந்துபோயிற்று. அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்துபோன மனைவி, ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கென்றே இருக்கும் நர்ஸிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நர்ஸ் மெஷினைப் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு இடதுபக்கம் ஒரு சின்ன பன் அளவுக்குப் புடைத்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தினமும் இங்கதான் போடுறீங்களா?"

"ஆமா சிஸ்டர். பழகின இடம். இப்பல்லாம் வலிக்கிறதே இல்ல."

வலிக்காததுதான் தொல்லை என்றார் நர்ஸ். ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை தடித்துவிட்டது. மருந்து அங்கேயே தேங்கி நிற்கிறது. எப்போது, எவ்வளவு ரத்தத்துக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஆட்டம் என்றார்.

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. டாஃபியைப் பற்றி மச்சான் சொன்னபோதுகூட அப்படி விழவில்லை.

"அப்ப நான் எல்லாரையும் ஒரே ஸ்டாப்புலயா இறக்கிவிட்டுட்டு இருந்தேன்?"

நர்ஸும் பதினேழாம் நம்பரில் வருகிறவர்தான். "ஆமாங்க. அங்க நெரிசல். சில நாள் யாரும் வெளிய வர முடியல, சில நாள் எல்லாரும் ஒண்ணா முட்டிக்கிட்டு வர்றாங்க."

வேறு யார் எப்படிச் சொல்லியிருந்தாலும் அவருக்கு இவ்வளவு சுருக்காக ஏறியிருக்காது. நல்ல சதையில் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்யும் என்பதால், நர்ஸ் அங்கிருந்த டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தார். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். குறைந்தால் கொஞ்சம் குளுக்கோஸ், கால் மணி நேரம் பொறுமை, பிறகு மறுபடி பார்க்க வேண்டும்; பஸ்ஸில் இருப்பவர்களின் பிஸ்கட்டை எல்லாம் தின்னக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அழியாத மையில் அவர் வயிற்றின் மேல் ரூட் போட்டாள். தொப்புள் ரவுண்டானா. வலதுபக்கம் போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், பாலம். தொடை இரண்டும் வெளியூர். இடதுபக்கப் புடைப்பைச் சுற்றிக் கோடு இழுத்து, 'சாலைப் பணி, பாதை அடைப்பு' என்று எழுதினாள். எழுதும்போது கண்டக்டர் கூச்சத்தில் நெளிந்ததால் பாலம் கொஞ்சம் வளைந்துவிட்டது.

"என்னங்க, இன்னைக்கு எங்க இறக்கணும்?"

"நேத்துப் பாலம். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல இறக்கு. வாசல்ல வேணாம், ரெண்டு விரல் தள்ளி."

ஊசி முடிந்ததும் தட்டு வந்தது. அது காலியானதை மச்சான் எட்டிப் பார்த்த பிறகுதான் பஸ் கிளம்பியது. ஒரு நாள் அவசரத்தில் பாதியில் கை கழுவிவிட்டார். மச்சான் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை சாப்பிட்டால்தான் பஸ் என்று அறிவித்தார். ஆபீஸுக்கு நேரமான நாற்பது பேர் வீட்டு வாசலுக்கே வந்து நின்று, அவர் ஒவ்வொரு வாயாக மெல்வதைப் பார்த்தார்கள். அவ்வளவு மரியாதையோடு எந்தக் கல்யாண வீட்டிலும் அவரை யாரும் சாப்பிட வைத்ததில்லை.

தவணை முடிந்தது. டாக்டரம்மா மெஷினில் பதிந்திருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசி நாட்களில் ஐம்பதும் இல்லை, முந்நூறும் இல்லை. அநேகமாக எல்லாம் நூறுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவில் சாதுவாக நின்றிருந்தன. பிறகு வயிற்றைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல ஆஸ்பத்திரி ஸ்டாப்பைக் காணோமே?"

"அங்க மாசத்துக்கு ஒரு பஸ்தான் டாக்டரம்மா."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அந்த பஸ் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே மச்சான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மறந்த சாமான் அறையைத் தாண்டிப் போகும்போது, கதவைத் திறந்து, குடைகளைப் பார்த்து மெதுவாக "ஏறு, ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று குடைகள் விரிந்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வழி கேட்டால் அவர் வாயால் சொல்வதில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவார். பாலத்தில் மட்டும் சிலர் வழி தவறினார்கள்.

இதுவும் சத்தியம்: அந்த ஊர் பஸ்களில் கண்டக்டர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஏறும்போது டிரைவரிடமே டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும்.