கழுவக் கூடாத வடிகட்டி

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் இழையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் துணியிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் இழைகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுசை ஓட்டியவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? யாராவது புது பாலியெஸ்டர் சட்டையில் வந்து நின்றால், "வாங்க வாங்க, நல்லா உதிர்றீங்களே" என்று வரவேற்பாள். சிரிப்பதா, சட்டையைக் கழற்றுவதா என்று தெரியாமல் வந்தவர் முழிப்பார்.

அவள் சொன்னதில் விளையாட்டு பாதிதான். வாஷிங் மெஷின் ஓடும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் லட்சக்கணக்கில் துணியை விட்டுக் கழன்று, அழுக்குத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. அங்கிருந்து ஆறு, கடல், கடைசியில் மீன் வயிறு. அதைத் தடுக்க அவளும் பக்கத்து மேஜைப் பொறியாளரும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வடிகட்டி செய்தார்கள். மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயில் மாட்டுகிற மாதிரி, கைக்கு அடக்கமான ஒரு டப்பா. உள்ளே மடித்து மடித்து வைத்த மெல்லிய வலை. ஆய்வகத்தில் நூறு இழை வந்தால் தொண்ணூறைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஒரு நிறுவனம் ஓடி வந்து அதைத் தயாரித்து விற்கும் உரிமையை வாங்கியது. 'நூற்றுக்குத் தொண்ணூறு இழை இனி கடலுக்குப் போகாது' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்தும் ஆகிவிட்டது. சோதனைச் சான்றிதழில் இழையம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வழக்கறிஞர். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சிகள் அவளைப் பார்த்தாலே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பரிசோதனைக்கென்று முப்பது வீடுகளுக்குக் கொடுத்த வடிகட்டிகளில் ஒன்று அக்கா வீட்டு மெஷினிலும் மாட்டியிருந்தது.

"உன் டப்பாவை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன், வந்து பாரு" என்று அக்கா பெருமையோடு அதைக் கழற்றினாள். வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரக் கூழ் அப்பியிருந்தது. இழையம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. அத்தனையும் கடலுக்குப் போயிருக்க வேண்டியது. அடுத்த நொடியே அக்கா அதைச் சமையலறைக் குழாய்க்கு அடியில் காட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கூழ் சரசரவென்று கரைந்து சிங்க் ஓட்டைக்குள் போய்விட்டது.

"அக்கா! என்ன பண்ணுற?"

"பார்த்தா தெரியல? கழுவுறேன்."

"எப்பவும் இப்படித்தான் கழுவுவியா?"

"பின்னே? ஃபில்டரைக் கழுவாம, கும்பிடவா செய்வாங்க?"

"அதைக் காய வச்சு, உதிர்த்து, குப்பையில போடணும்க்கா. கூட ஒரு தாள் குடுத்தோமே, படிக்கலையா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "நாள் பூரா பொடி எழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் நான் சம்பாதிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் படிக்கச் சொல்றியா? நானே படிக்கலைன்னா வேற எவ படிப்பா?"

அன்று இழையம்மா பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டாள்.

மறுநாளே மற்ற வீடுகளுக்குக் கிளம்பினாள். எதையும் சொல்லிக் கொடுக்காமல், "நீங்க வழக்கமா எப்படிச் சுத்தம் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க, நான் சும்மா பார்க்கிறேன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒரு தையல்காரர் குளியலறையில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி கழிப்பறைக்குள் தட்டி, தண்ணீரை இழுத்து விட்டது. நாலைந்து வீடுகள்தான் குப்பையில் போட்டன. வீட்டுச் சாக்கடை வெளியேறும் இடத்தில் குப்பி வைத்துத் தண்ணீர் பிடித்து வந்து எண்ணிப் பார்த்தாள். வடிகட்டி மாட்டாத வீட்டுக்கும் மாட்டிய வீட்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மெஷின் வழியாகப் போக வேண்டியது சிங்க் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இயக்குநரின் அறையில் கூட்டம் நடந்தது. நிறுவனத்தின் விற்பனை மேலாளரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, விலையுயர்ந்த வாசனை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. இழையம்மா படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"மேடம், நீங்க சோதிக்க வேண்டியது கருவியை" என்றார் மேலாளர். "ஜனங்களை இல்ல. கருவி நூத்துக்குத் தொண்ணூறு பிடிக்குதா, இல்லையா?"

"பிடிக்குது. பிடிச்சதை ஜனங்க சாக்கடையில விடுறாங்க."

"அது பயனர் தவறு."

"முக்கால்வாசிப் பேர் ஒரே தப்பைப் பண்ணினா அது அவங்க தப்பு இல்ல சார். கருவியோட தப்பு. நான் செஞ்ச கருவி, அதனாலதான் சொல்றேன்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான விஷயம் வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் அது. "இங்க பாரும்மா, அறிமுக விழாவுக்கு மண்டபம் பிடிச்சாச்சு. இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க. அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம்."

"வீட்டுல என்ன நடக்குதுங்கிறதையும் பெட்டியில போடுங்க சார். இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

"அதைப் போட்டா யார் வாங்குவா?" என்றார் மேலாளர். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"யாரும் வாங்க மாட்டாங்க. அதைத்தான் நானும் சொல்றேன்."

பேனா மேஜையிலேயே கிடந்தது. பொறியாளரைக் கூப்பிட்டு, அவளுக்குப் பதிலாக நீங்கள் போடுங்கள் என்றார் இயக்குநர். பொறியாளர் எப்போதும் வாய் திறக்காத மனிதர். "டப்பா என்னோடது. எண்ணிக்கை மேடமோடது. அவங்க எண்ணாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். விழா முடிந்த பிறகு சான்றிதழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது. கிளம்பும் முன் இயக்குநர் அவளிடம், "விழாவுக்கு வாங்க, முன்வரிசையில உக்காந்து சிரிங்க, அது போதும்" என்றார்.

"வரேன் சார். யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் ஏன் சொல்லலைன்னு கேக்காதீங்க."

"யாரும் கேக்க மாட்டாங்க."

பரிசோதனை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் நிறுவனமே அழைப்பு அனுப்பியிருந்தது. கூட்டத்தில் நடந்ததை இழையம்மா தொலைபேசியில் சொன்னபோது அக்காவுக்கு ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"பயனர் தவறா? யாரு, நானா?"

"உன்னை மட்டும் இல்லக்கா, பொதுவா..."

"பொதுவாவோ தனியாவோ, என்னைத் தவறுன்னு ஒருத்தன் சொல்லிட்டான். நீயும் கேட்டுக்கிட்டு வந்திருக்க. விழா எப்போ?"

மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். மேடையில் ஒரு வீட்டின் சமையலறையையே கொண்டுவந்து வைத்த மாதிரி ஜோடனை. அலமாரி, மேஜை, தண்ணீர் வரும் உண்மையான சிங்க், பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின். மேலாளர் நீலப் போர்வை ஒன்றை உள்ளே போட்டு ஓடவிட்டார். ஓடி முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். பெரிய திரையில் நீலக் கூழ் பளிச்சென்று தெரிந்தது.

"பாருங்க! இது கடலுக்குப் போயிருக்க வேண்டியது! இனிமே போகாது!"

கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா எழுந்து நின்றாள்.

"சார், அடுத்த துணி போடணும்னா என்ன பண்ணணும்?"

நீதிமன்றத்தில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் உஷாராகியிருப்பார்கள். மேலாளர் கேட்டதில்லை. "ரொம்ப ஈசி மேடம்!" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே, பேச்சின் வேகத்தில் சிங்க் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து, வடிகட்டியை அலசினார். கூழ் கரைந்து ஓட்டைக்குள் இறங்கியது. பெரிய திரையில் அதுவும் பளிச்சென்று தெரிந்தது. பளபளத்த வலையை அவர் மறுபடி உயர்த்திக் காட்டினார்.

யாரும் கைதட்டவில்லை.

"இப்போ அது எங்க சார் போச்சு?" என்றாள் அக்கா.

மேலாளர் சிங்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு கடைக்காரர் களுக்கென்று சிரித்தார். அது தொற்றிக்கொண்டு மண்டபம் முழுக்கப் பரவியது.

"பயனர் தவறு ஆயிடுச்சோ?" என்று கேட்டுவிட்டு அக்கா உட்கார்ந்துகொண்டாள்.

இழையம்மா சிரிக்கவில்லை. மேலாளரின் முகம் வெளிறியதைப் பார்த்தபோது அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அந்த மனுஷன் பொய் சொல்ல நினைக்கவில்லை. கை தானாகச் செய்துவிட்டது. எல்லோர் கையும் அதைத்தான் செய்யும். அவள் எழுந்தாள். இயக்குநர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

"இதைச் செஞ்சவங்கள்ல நான் ஒருத்தி" என்றாள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "இது இழையைப் பிடிக்கும், அது நிஜம். ஆனா ஈரமான ஒரு வலையைக் கையில குடுத்தா மனுஷங்க கழுவத்தான் செய்வாங்க. சாரும் கழுவினார், எங்க அக்காவும் கழுவினா, அவசரத்துல நானும் கழுவுவேன். அதை யோசிக்காம செஞ்சது எங்க தப்பு. அந்தத் தொண்ணூறை நான் எண்ணினது ஆய்வகத்துல. உங்க வீட்டுல அது கிடையாது. பெட்டியில போட்டிருக்கிற அந்த வாக்கியத்துக்கு நான் கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன்."

மறுநாள் காலை இயக்குநர் அறையில் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அக்காவுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"என் அக்காவுக்கு யாராவது எதையாவது சொல்லிக் குடுக்க முடியும்னா, அப்படி ஒருத்தரைக் காட்டுங்க சார், எங்க அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவாங்க. நான் சொல்லிக் குடுக்கல. ஆனா அவ கேட்டதுல எனக்குச் சந்தோஷம்தான்."

"வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இதோட விட்டுடலாம்."

"எதுக்கு வருத்தம்? எண்ணினதுக்கா, சொன்னதுக்கா?"

எழுதிக் கொடுக்கவில்லை. திட்டத்திலிருந்து நீக்கினார்கள். நுண்ணோக்கி அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, தரைக்குக் கீழே மாதிரிக் குப்பிகள் அடுக்கியிருக்கும் குளிர் அறைப் பக்கம் ஒரு மேஜையைக் காட்டினார்கள். முதல் வாரம் அவள் வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் வாரம் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் வாரம் பொறியாளர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்து, "மேல ஒரே புழுக்கமா இருக்கு" என்று பக்கத்தில் போட்டுக்கொண்டார். நிறுவனம் பெட்டியில் இருந்த வாக்கியத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி விற்றுப் பார்த்தது. போணி ஆகவில்லை.

மழைக்காலம் வந்த பிறகு ஒரு நாள் இயக்குநரே கீழே இறங்கி வந்தார். கையில் வேறொரு நிறுவனத்தின் காற்றுச் சுத்திகரிப்பான். படுக்கையறையில் வைக்கிற சாதனம்.

"ஆய்வகத்துல பிரமாதமா வேலை செய்யுது" என்றார். "சான்றிதழ்ல உங்க கையெழுத்து இருந்தாத்தான் வாங்குவோம்னு கடைக்காரங்க சொல்றாங்களாம்."

இழையம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். "சார், இது ராத்திரி பூரா இந்தச் சத்தம் போட்டா யாராவது தூங்குவாங்களா? அணைச்சுட்டுத்தான் தூங்குவாங்க. அணைச்சு வச்ச பெட்டி என்னத்தைச் சுத்தம் பண்ணும்? முதல்ல வீடுகளுக்குக் குடுங்க. அங்க எண்ணிட்டு வரேன். அப்புறம் பார்க்கலாம்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"எத்தனை வீடு?"

"நான் சொல்ற வீடு எல்லாம். நுண்ணோக்கி அறைச் சாவியையும் குடுங்க சார். இந்தக் குளிர்ல என்னால எண்ண முடியாது."