ரகுபதி கல்

கல்மண்டபத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்த முதல் ஆள் திருமுருகன் மாமாதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு லேப்டாப்பை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தார். என் அப்பாவோடு ஒரே படகில் பதினெட்டு வருடம் கடலுக்குப் போனவர். அப்பா செத்த பிறகு தனியாகப் படகு வாங்கினார். அதிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா மாமா ஆச்சு?"

"ஜிபிஎஸ்ல கீற பாயிண்ட்டெல்லாம் இதுல ஏத்திக்கினு இருந்தேன். டப்புனு ஒரு சத்தம். ஜிபிஎஸ் பொட்டி கருகிப்போச்சி. இது இன்னாடான்னா சுத்திக்கினே கீது, தொறக்க மாட்டேங்குது."

"இன்ஜின் ஓடிக்கினு இருந்துச்சா?"

"பின்ன? ஓடலன்னா பேட்டரி எறங்கிடுமே."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் படகில் ஒரு பல்பு எரிய வேண்டுமென்றாலும் இன்ஜினை ஓட்டுவார்கள். பேட்டரி இறங்கிவிடும் என்று அவ்வளவு பயம். டைனமோ கரண்ட் வயர் வழியாக நேரே லேப்டாப்புக்குள் பாய்ந்திருக்கிறது.

பாயிண்ட் என்றால் கடலுக்கடியில் பாறை, எங்கள் பேச்சில் கல், இருக்கும் இடம். மீன் அங்கேதான் தங்கும். அந்த இடங்களை எந்தப் படகுக்காரரும் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்லமாட்டார். மாமா இருபது வருடமாகச் சேர்த்தது முழுக்க இப்போது இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள். இது திறக்காவிட்டால் மனிதர் குருட்டாம்போக்கில்தான் வலை போட வேண்டும்.

"டிஸ்க்கக் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டினா அஞ்சு நிமிசத்துல எட்த்துடலாம் மாமா."

"வோணாம். உன் மிஷின்ல ஏறக்கூடாது. உன் தம்பி வெற்றி மீன் புடிக்க தனியா ஒரு போட்டு வெச்சிகீறான் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே சரி பண்ணிக்கோ!" என்று லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நகரவில்லை. அந்த முரட்டு முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. என்ன செய்வது, ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

பவர் பட்டனை அழுத்தினால் கம்பெனி முத்திரை வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. மெமரியைக் கழற்றி மாற்றிப் போட்டேன். சுற்றியது. வைஃபை கார்டைக் கழற்றினேன். அப்போதும் சுற்றியது. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. படகுகளுக்கு அடித்த புதுப் பெயிண்டின் வாசனை. கண் செருகியது.

மாமா அந்த வட்டத்தைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். என்னிடம் பேசுவது போலவே இல்லை.

"அங்க தண்ணி கறுப்பா கீது. இருவது பாகம் ஆயம், நூறு அடிக்கு மேல. கல்லுக்கு மேல களவா மீனு நிக்கும், அசையாம. தூங்குதா முயிச்சிகினு கீதான்னே தெரியாது."

கடைக்குள் மெல்லத் தண்ணீர் ஏறுவது போலிருந்தது எனக்கு. ஆணியில் தொங்கிய சார்ஜர் வயர்கள் கடல்பாசி மாதிரி ஆடின. என் காலடியில் பெரிய மீன் ஒன்று அவசரமே இல்லாமல் போனது. நல்ல சுகமாக இருந்தது, சொல்லப்போனால்.

யுஎஸ்பி வயர் சொருகும் சின்ன சர்க்யூட் போர்டில் மீட்டரை வைத்தேன். பீப் என்று கத்தியது. ஷார்ட்! வயர் சொருகிய அந்தப் போர்டு செத்துக் கிடக்கிறது. மிஷின் அதனிடம் பதில் கேட்டுக் காத்துக்கொண்டே இருக்கிறது. போர்டின் பட்டை வயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். வட்டம் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. திரை விரிந்தது.

"தொறந்துக்கிச்சி மாமா! நான் பாக்கல, சாமி." நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னால் கிளிக் கிளிக் என்று கேட்டது. அப்படியே மூடி எடுத்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை.

"வினிதா. திரும்பு."

"வோணாம் மாமா. அப்பறம் என் தம்பி கிட்ட சொல்லிட்டேன்னு..."

"திரும்புடி!"

திரும்பினேன். நீலத்தில் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள். அவர் விரல் ஒன்றின் மேல் நின்றது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ரகுபதி கல்' என்று இருந்தது. ரகுபதி என் அப்பா.

"உங்கப்பன் கண்டுபுட்ச்ச கல்லு. வெற்றி சொந்தமா ஒரு போட்டு வாங்கனா குட்த்துடுன்னு சாவறப்போ சொன்னான். அவன் வாங்கி ரெண்டு வருசமாவுது. நல்ல கல்லுமா. குடுக்க மனசு வரல. எல்லாம் போச்சின்னு நெனச்சப்போ இது ஒண்ணுதான் நெஞ்சுல குத்திச்சி."

இரண்டு வருடமாக வெற்றி வெறும் வலையோடு வந்து, சோற்றைத் தொடாமல் படுத்த நாட்கள் கண்முன் வந்தன. "மனுசனா நீ?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

வெற்றிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். "நீயே சொல்லு."

"அலோ, இன்னாக்கா?" என்றான் வெற்றி.

மாமா போன் பக்கம் குனிந்தார். "நான் திருமுருகன் பேசறேன். உங்கப்பன் கல்லு கீற எடம் சொல்றேன், பேனா எட்த்துக்கோ நைனா. பதிமூணு டிகிரி, எட்டு..."

பாதியில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டார். மீதியை நான் திரையைப் பார்த்து வாசித்தேன்.