காற்றில்லாத அறுநூற்றுப் பன்னிரண்டு அடி

“அப்ப அந்தக் காத்தை எடுத்துடு, மார்லிஸ். அவ்வளவுதானே?”

“எங்கேருந்து எடுக்கறது, லோரன்?”

“உன் கணக்குலேருந்துதான். ஊர்லேருந்தா எடுக்கச் சொன்னேன்?”

லோரன் ஸ்வொபோடா எங்கள் டோரன் ஊரின் மேயர். பள்ளிக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். என் இயற்பியல் வகுப்பறையில், நாற்காலியும் மேசையும் ஒன்றாய்ச் சேர்ந்த மாணவர் இருக்கை ஒன்றில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு காகிதங்கள். முதலாவது ஒரு சான்றிதழ்: 1971இல் இவ்வூர் மைதானத்தில் எம்மெட் டீட்ஸ் அடித்த பேஸ்பால் பந்து 612 அடி பறந்தது என்று இயற்பியல் ஆசிரியை ஆகிய நான் உறுதி கூறுவதாக. அதில் நான் கையெழுத்திட்டால் நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்கு ஒரு பெரிய பலகை வரும். இரண்டாவது, அடுத்த ஆண்டுக்கான என் வேலை ஒப்பந்தம். அதில் கையெழுத்திட வேண்டியவர் லோரன். எதற்கு எது என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஓரங்களை விரலால் தட்டி நேராக்கினார், அவ்வளவுதான்.

இந்த வேலை போனால் அடுத்த இயற்பியல் வகுப்பு தொண்ணூறு மைல் தள்ளி இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நல்ல ஆரோக்கியத்துடன்.

நெப்ராஸ்காவில் எல்லா ஊர்களிலும் காற்று உண்டு. டோரனில் கொஞ்சம் அதிகம். போன வசந்தத்தில்தான் லூத்தரன் தேவாலயத்தின் கூரையைக் கழற்றி மக்காச்சோள வயலில் வைத்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட ஊரின் ஒரே பெருமை காற்றே இல்லாத ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தது.

கணக்கைப் போட்டவர் எனக்கு முன்னால் இந்த வகுப்பறையில் இருந்த ஆர்வில் கெம்பர். எம்மெட்டின் பந்து வேலியைத் தாண்டியது; அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. மருந்துக் கடைக்காரர் எடுத்திருந்த படச்சுருளில் முதல் சில கணங்கள் பதிவாகியிருந்தன. அதை வைத்து, பந்து மட்டையை விட்டுப் புறப்பட்ட வேகம் வினாடிக்கு 140 அடி என்று கெம்பர் கண்டுபிடித்தார். அதுவரை சரி. கோணம் தெரியவில்லை. நாற்பத்தைந்து பாகையில் எறிந்த பொருள்தான் அதிக தூரம் போகும் என்று பாடப்புத்தகம் சொன்னது. நம் ஊர்ப் பையன் அதற்குக் குறைவாக அடித்திருப்பானா என்று கெம்பர் நாற்பத்தைந்தையே எடுத்துக்கொண்டார். காற்றின் தடையைப் புறக்கணிக்கவும் என்று அதே புத்தகம் சொன்னது. புறக்கணித்தார். விடை அறுநூற்றுப் பன்னிரண்டரை. அரை அடியை அடக்கம் கருதி விட்டுக்கொடுத்தார்.

அவர் அந்தக் கணக்கைப் போட்ட கரும்பலகை இன்றும் நகர மன்றத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. உணவகத்தில் 612 பர்கர் கிடைக்கும். ஆட்டம் நடந்தது ஆகஸ்டில் என்றாலும் விழா ஜூன் பன்னிரண்டாம் தேதி, ஏனென்றால் மாதத்தை முதலில் எழுதும் எங்களுக்கு அது 6/12. அன்றைக்கு எம்மெட்டை ஒரு டிராக்டர் வண்டியில் ஏற்றி, மட்டையைச் சுழற்றிய நிலையிலேயே நிறுத்தி, ஊர் முழுவதும் இழுத்துப் போவோம். டோரனின் மக்கள்தொகை 890. அந்த அடியை நேரில் பார்த்தவர்கள் மூவாயிரம் பேராவது இருப்பார்கள்.

நான் செய்த தவறு, இந்த ஆண்டு மாணவர்களிடம் காற்றைச் சேர்த்து அதே கணக்கைக் கணினியில் போடச் சொன்னது. இன்னும் கூடுதலாக வரும், ஊர் மகிழும் என்றுதான் அவர்கள் தொடங்கினார்கள். முந்நூற்றைம்பது வந்தது. மறுநாள் காலை உணவகத்தில் பரிமாறும் டோனா என் கோப்பையை மேசையில் இடித்து வைத்தாள்.

“காபி பாதிதான் இருக்கு, டோனா.”

“மீதியைக் காத்து குடிச்சிருச்சு, கண்ணு. கணக்குப் போட்டுப் பாரு.”

லோரன் இப்போது குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. கெம்பர் காத்தை எடுத்தாரு. உன் புத்தகத்துலயும் அதே வரி இருக்கு, நான் பாத்தேன். நீயும் பரீட்சையில எடுக்கச் சொல்ற. பசங்க எடுத்தா மார்க்கு, ஊர் எடுத்தா பொய்யா?”

“பரீட்சையில அது ஒரு பயிற்சி, லோரன்.”

“இதுவும் பயிற்சின்னு வெச்சுக்கோ. கொஞ்சம் பெரிய எழுத்துல, ரோட்டோரமா.”

நான் சிரித்திருக்கக் கூடாது. அவர் சிரிக்கவில்லை.

“சரி. எங்கிட்ட சொல்ற மாதிரி அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.” இருக்கையிலிருந்து தன்னை உருவிக்கொள்ள அவருக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. கதவைத் திறந்து, “எம்மெட், உள்ள வாங்க. டீச்சர் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்,” என்றார். என்னிடம், “பத்து நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எம்மெட் டீட்ஸ் விழா உடையில் வந்திருந்தார். அது அவர் பத்தொன்பது வயதில் போட்ட சீருடை. பக்கவாட்டில் இரண்டு முறை துணி வைத்து அகலப்படுத்தியிருந்தார்கள். இப்போது எழுபத்திரண்டு வயது. டிராக்டர்களைப் பழுது பார்த்துப் பார்த்து விரல் இடுக்குகள் நிரந்தரமாகக் கறுத்திருந்தன. ஒரு முழங்காலை மடக்காமலே நடந்து வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

“உக்காருங்க, எம்மெட்.”

“உக்காந்தா எழுந்திருக்க லோரனைக் கூப்பிடணும். வேணாம்.” கரும்பலகையைப் பார்த்தார். “முந்நூத்தி அம்பதுன்னு சொன்னியாமே?”

“நான் சொல்லல. கணக்கு சொல்லுது. மன்னிச்சுக்கங்க.”

“வேலி எவ்வளவு தூரம்?”

“முந்நூத்தி முப்பது.”

“அப்ப தாண்டிருச்சுல்ல?”

“தாராளமா தாண்டிருச்சு. அது நிச்சயமா ஹோம் ரன்தான், எம்மெட். நல்ல அடி.”

அவர் தலையாட்டினார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் மேசையில் வைத்தார். தோல் பழுப்பாகி, ஒரு பக்கம் சேறு பிடித்துக் காய்ந்து கல்லாகியிருந்தது. பந்து உருளாமல் அந்தச் சேற்றின் மேலேயே நின்றது.

எனக்கு உடனே புரியவில்லை. எங்கள் ஊரில் அறுவடை தோறும் அந்தப் பந்தைத் தேடுவார்கள். 612 அடி அளந்து மக்காச்சோளத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கிறோம். அதைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாகக் குனிந்து பார்த்திருக்கிறோம்.

“மறுநாள் காலையில போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இருந்துச்சுல்ல, அதுல பாதி புதைஞ்சு கெடந்துச்சு. எகிறக்கூட இல்ல. வேலிலேருந்து ஏழு தப்படி எண்ணினேன். எடுத்துக் காட்டலாம்னு ஊருக்குள்ள ஓடி வந்தா, கெம்பர் ஏற்கெனவே கரும்பலகையில எழுதிட்டாரு. எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்கம்மாவும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீ சொன்ன. காபி எப்படி இருந்துச்சு?”

தாழ்வாரத்தில் லோரன் யாரிடமோ தொலைபேசியில் பலகையின் எழுத்து எத்தனை அடி உயரம் இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். காற்றுக்கு விழாதபடி ஆழமாக நட வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார்.

“அம்பது வருஷமா வண்டியில ஏத்தி இழுக்கறாங்க,” என்றார் எம்மெட். “அந்த அறுநூத்திப் பன்னெண்டுல நான் அடிச்சது முந்நூத்தி அம்பது. மிச்சத்தைக் கெம்பர் சாக்பீஸால அடிச்சாரு. நான் அடிச்சதை இதுவரைக்கும் ஒருத்தர்கூட நல்ல அடின்னு சொன்னதில்ல. இன்னிக்கு நீதான் சொன்ன.”

தாழ்வாரத்தில் பேச்சு நின்றது. லோரனின் காலணிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. லோரன் உட்கார்ந்திருந்த இருக்கையிலிருந்து எம்மெட் அந்தச் சான்றிதழை எடுத்து, கறுத்த விரலை 612 என்ற எண்ணின் மேல் வைத்து, அதை என் பக்கம் திருப்பினார். அதோடு ஒட்டி வந்த வேலை ஒப்பந்தம் நழுவி என் காலடியில் விழுந்தது. அதை அவர் பார்த்தார், அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

“உனக்கு என்ன போகும்னு தெரிஞ்சுதான் கேக்கறேன், மார்லிஸ். இதை அடிச்சிட்டு என்னோடதை எழுதிக் குடு.”