வேலுவின் சிவப்புக் கோடு

டிவியில் படத்தின் அடியில், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டுகிற சிவப்புக் கோடு பாதி தூரம் வந்து நிற்கிறது, நேற்று கால்வாசியில் இருந்தது, அப்படியென்றால் வேலு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான், சோபாவில் காலை மடித்துக்கொண்டு, அப்படித்தான் உட்காருவான், முழங்கால் என் தொடையில் இடிக்கும், தள்ளி உட்காருடா என்பேன், இடம் இல்லண்ணே என்பான், இடம் கிடக்கும், இப்போது என் சோபாவில் கிடப்பதெல்லாம் இடம்தான். மூன்று வருஷமாக என் தம்பி வேலுவும் நானும் பேசுவதில்லை, ஜவுளிக்கடைப் பலகையில் யார் பெயர் முதலில் என்பதில் ஆரம்பித்தது, கடை அவனுக்கு, சரக்கு வைக்கிற கிட்டங்கி எனக்கு என்று பெரியவர்கள் பாகம் பிரித்தார்கள், பித்தளை அண்டாவைக்கூட விடவில்லை, சாமி படங்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், டிவியில் படம் பார்க்கிற சந்தா ஒன்று என் பெயரில் இருப்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கு வந்தது, வாயைத் திறக்கவில்லை, வியாபாரி மகன், விட்டுப்போன சரக்கைக் கூப்பிட்டுக் காட்டுவேனா, அவன் வில்லாபுரத்துக்குக் குடிபோய்விட்டான், ஆனாலும் டிவியைப் போட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர் நிற்கிறது, அதை அமுக்கினால் அவன் பார்ப்பதெல்லாம் வருகிறது.

நல்ல படம் எது என்று எனக்குத் தெரியாது, கத்தியும் ரத்தமும் போஸ்டரில் கண்டால் விழுந்துவிடுவேன், வேலு சேலையைப் புரட்டி உள்பக்கம் பார்க்கிறவன், படத்தையும் நடுவில் ஓட்டிப் பத்து நிமிஷம் பார்ப்பான், முந்தானையை எவனும் நல்லாத்தாண்ணே நெய்வான், ஒடம்புல பாரு, என்பான், அங்கே உயிர் இருந்தால் மறுபடி முதலிலிருந்து, இப்படித்தான் கண்டுபிடித்தான் பனியில் படகு கட்டுகிற அந்த இரண்டு கிழவிகளை, எந்தத் தேசமோ, அவர்கள் சண்டை போட்டதற்கு மதுரையில் நாங்கள் அழுதோம், இப்போது அவன் முழுசாகப் பார்த்து முடித்ததை மட்டும் தேடி என் பெயரை அமுக்கிப் போட்டுப் பார்க்கிறேன், அவன் சிரித்திருப்பான் என்று தோன்றுகிற இடத்தில் பக்கத்தில் திரும்புகிறேன், என் மனைவி சுகந்தி வெங்காயம் உரித்துக்கொண்டே, அங்க யாரப் பாக்குறீங்க, என்கிறாள், யாரையுமில்லை என்கிறேன், அது தெரியுது, என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு என் போனில் நான்கு இலக்க எண் ஒன்று வருகிறது, ஒரு சந்தாவுக்கு ஒரு வீடுதான் என்று கம்பெனிக்காரன் புதுச் சட்டம் போட்டிருக்கிறான், வேறு வீட்டு டிவியில் இந்த எண்ணைப் போட்டால்தான் படம் ஓடும், கால் மணி நேரத்தில் எண் செத்துப்போகும், ஆக அங்கே வேலு படம் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறான், கேட்க வேண்டியவன் அவன், கேட்கட்டும், விலையை முதலில் சொல்லிவிடாதே என்று எங்கள் இரண்டு பேரையும் ஒரே கல்லாவில் உட்காரவைத்து வளர்த்தார் அப்பா, கால் மணி போயிற்று, இன்னோர் எண் வந்தது, அதுவும் செத்தது, மூன்றாவது வருகிறது, அழுத்தக்காரன், இதற்குமேல் முயல மாட்டான், புதுச் சந்தா எடுத்துக்கொள்வான், இங்கே அவன் பெயர் மட்டும் நிற்கும், கோடு நகராது, நினைப்பதற்குள் என் விரல் அவனைக் கூப்பிட்டுவிட்டது. ஏழு, ஒண்ணு, ஒண்ணு, நாலு, என்றேன், ஹலோகூட இல்லை, போட்டுட்டேன், என்றான், வந்துருச்சா, என்றேன், வந்துருச்சு, என்றான், அவ்வளவுதான், வைத்துவிடுவான் என்று பார்த்தால், அந்த பஸ் ஓட்டுற பொம்பள படத்த ஏன் பாதியில விட்ட, என்கிறான், அப்படியென்றால் இவனும் என் பெயரை அமுக்கி என் கோட்டைப் பார்க்கிறான், கண்ணு வலிச்சுச்சுடா, என்றேன், அளக்காதண்ணே, கடைசி அரை மணி நேரம்தான் படமே, போடு, நானும் போடுறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, போனை வைக்கவில்லை, சோபாக் கைப்பிடியில் சாய்த்து நிறுத்தினேன், மலைவளைவில் அவள் ஹாரன் அடிக்கிறாள், அரை மூச்சு கழித்துப் போனுக்குள் வேலுவின் வீட்டிலும் அடிக்கிறாள், நான் படத்தை நிறுத்துகிறேன், அவன் வந்து சேருகிற மட்டும் பொறுத்து மறுபடி விடுகிறேன், அடுத்த வளைவில் ஒரே ஹாரன்.