பந்து நிற்கும் இடம்

ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றால் நாத்தனாருக்கு முப்பத்தேழு முடிந்துவிடும், முப்பத்தேழு வயதில் இப்படி முதுகை முறுக்கிப் பந்தை எறிந்தவள் எவள் இருக்கிறாள், ஒருத்தியைக் காட்டட்டும் பார்ப்போம்... என்று நினைத்தபடியே இவள் குனிந்து மட்டையைத் தரையோடு படுக்கவைத்தாள். செயற்கைப் புல்லுக்கு இப்போதுதான் தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள், முழங்கால் உறை நனைந்து சில்லென்றது. மேலே பார்வையாளர் வரிசையில் மூன்றே பேர். ஹாக்கி கிளப்பின் முதலாளி, அவருடைய மருமகன், வரவு செலவு பார்க்கிற கணக்கர். நடுவில் ஒரு நாற்காலியில் என்னவோ வைத்திருந்தார்கள், ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்களோ, இல்லை, அது மருமகன் கழற்றிப் போட்ட கோட்டு. பயிற்சி என்றுதான் இதற்குப் பெயர். மாடு வாங்க வருகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பானே, அந்தப் பார்வைதான் மூன்று பேருக்கும். பெனால்டி கார்னர் மட்டும் போடுங்கள், மற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அதுவும் சரிதான், ஐந்து வருஷத்துக்கு அவர்கள் விலை பேசுவது அவள் ஓட்டத்தையா, அவள் சிரிப்பையா? அந்த ஒரு எறிதலைத்தான்.

பெனால்டி கார்னர் மூன்று பேர் சமாச்சாரம். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிட வேண்டும், கோலைச் சுற்றிய அரைவட்டத்துக்கு வெளியே ஒருத்தி குனிந்து அதை நிறுத்த வேண்டும், நின்ற பந்தை மூன்றாமவள் ஓடிவந்து மட்டையில் அள்ளி, இழுத்து, உடம்பையே சுழற்றிக் கோலுக்குள் எறிய வேண்டும். எறிகிறவள் பெயர் பேப்பரில் வரும். தள்ளுகிறவள் பெயர் எப்போதாவது வரும். நிறுத்துகிறவள் பெயர், பந்து நிற்காமல் போனால் வரும். இவள் நிறுத்துகிறவள். எறிகிறவள் இவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை, வீட்டில் சின்னவள், ஊருக்கெல்லாம் பீரங்கி. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒரே அணி. "பந்தை நிறுத்தத் தெரிஞ்சவ எங்கண்ணன் கோபத்தையும் நிறுத்திடுவா" என்று வீட்டில் சொல்லி முடிச்சுப் போட்டதே பீரங்கிதான். நாத்தனாரும் அண்ணியும் ஒரு சமையலறையில் ஒத்துப்போவதே பெரிய காரியம் என்பார்கள், இவர்கள் இத்தனை வருஷம் ஒரு மட்டை நீளத்துக்குள் ஒத்துப்போயிருக்கிறார்கள். முதல் பந்து வந்தது, நிறுத்தினாள், தலைக்கு மேலே விசுக்கென்று காற்று, கோலின் பின்பலகையில் பந்து இடித்த சத்தம். மேலே முதலாளி கைதட்டினார். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவதுதான் உங்கள் வேலை.

அந்தப் பந்து நிற்கவே இல்லையே ஐயா. பந்து அசையாமல் செத்து நிற்க வேண்டும், நிறுத்துகிறவளுக்கு அதுதான் தொழில் தர்மம், சின்ன வயதிலிருந்து அதைத்தான் இவள் கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் பீரங்கி குனிந்தபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத மாதிரி, அரங்கம் நிறைந்த கூச்சலில் அது இவளுக்கு மட்டும்தான் கேட்டது. அடுத்த பந்தை ஒரு சாண் கோல் பக்கமாக முன்னாலேயே பிடித்து, மட்டையால் இலேசாகத் தட்டி உருளவிட்டாள். அவ்வளவுதான். பின்னால் எட்டிப்போய் அள்ள வேண்டாம், இடுப்பை முழுக்க முறுக்க வேண்டாம், ஏற்கெனவே ஓடுகிற பந்தை ஏற்றிக்கொண்டால் போதும். யோசித்துச் செய்தாளா? இல்லை, தடுக்கி விழப்போகிறவளைக் கை தானாகப் பிடிக்காதா, அப்படித்தான். அன்று பிடித்த கையை இன்றுவரை எடுக்கவில்லை. கோச்சுக்கே தெரியாது, அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார், பார்ப்பதெல்லாம் பீரங்கியின் தோளை, மணிக்கட்டை, பந்து போய் விழும் மூலையை. குனிந்திருக்கிறவளின் மட்டையை எவன் பார்க்கிறான். பீரங்கிக்குத் தெரியுமா... அதுதான் இவளுக்குப் புரியவே இல்லை. தெரிந்திருந்தால் சும்மா இருப்பாளா, நாக்கில் சனி உட்கார்ந்தவள், மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளவே தெரியாதவள். தெரியாமல் எப்படி இருக்கும், அவள் கை அல்லவா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

கால் விஷயம் அதற்கு அப்புறம். வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில் இருவருக்கும் ஒரே அறை, குளியலறைக் கதவு திறந்திருந்தது, பீரங்கி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இடது காலைத் தண்ணீரில் விட்டபடி போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்க ஆவி. இவள் எதேச்சையாகக் கையை விட்டுப் பார்த்தாள், சுட்டுவிட்டது, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள், கால் செக்கச்செவேலென்று கொப்புளிக்கத் தொடங்கியிருந்தது. "சூடு தெரியலையா உனக்கு?" என்றதற்கு, "தெரியுதே அண்ணி, இதமா இருக்கு" என்றாள். இதமாம்... கிளப் டாக்டரிடம் போனால் தண்டோரா போட்டமாதிரி என்று வேறொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். முதுகுத்தண்டில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, இப்படியே முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கால் ஒருநாள் சொன்னபேச்சு கேட்காது என்றார். "நிறுத்திட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்று இவள்தான் கேட்டாள். "இதோட நிக்கும்" என்றார் அவர். வரும் வழியில் பீரங்கி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. கையெழுத்தாகட்டும், நானே சொல்றேன்" என்றாள். அந்த அண்ணனோ நேற்றிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிகிறான். அப்பா போனபிறகு படிப்பை மூட்டைகட்டிவிட்டு டயர் கடையில் வேலைக்குப் போய் அவளுக்கு மட்டை வாங்கிக் கொடுத்தவன், அவனுக்கு இருக்காதா? காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அஞ்சு வருஷம் கெட்டியாயிட்டா போதும், அதுக்கப்புறம் அவ காலாட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிடலாம்" என்றான். எந்தக் காலை ஆட்டுவாள் என்று இவளுக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது பந்து. ஒரு சாண், ஓர் இலேசான தட்டு, கோல். "கலக்கறீங்க அண்ணி" என்று பின்னால் பீரங்கியின் குரல், மூச்சு வாங்குகிறது அவளுக்கு, இரண்டு பந்துக்கேவா... மேலே கணக்கர் மட்டும் தட்டவில்லை. போன வாரம் அலுவலகத்தில் அவர் சொன்னாராம், "போட்ட கோலுக்கெல்லாம் சம்பளம் குடுத்தாச்சு, இனிமே போடப்போற கோலுக்குத்தானே ஒப்பந்தம்" என்று. கேட்டதும் இவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் வருவதற்கு முன்னால் இந்த அரங்கத்தில் யார் இருந்தது, புறாக்கள்தானே இருந்தன? முதலாளி தன் பெயிண்ட் டப்பாவில் அவள் முகத்தை அச்சடித்து விற்றாரே, அந்த முகத்துக்குக் கீழே ஒரு முதுகு இருந்ததே, அதைத் தேய்த்தது யார்? கொடுக்கட்டும், ஐந்து என்ன, பத்து வருஷம் கொடுக்கட்டும்... கொடுத்தால் அவள் குனியவேண்டும். இருப்பதையெல்லாம் அவளுக்கே கொட்டிக்கொடுத்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நெட்டைக்காரியையும் இன்னும் சிலரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அவளுக்கு முடியாத நாளில் மாற்றி இறக்கக்கூட ஆள் இருக்காது, முடியாவிட்டாலும் முடியும் என்று ஐந்து வருஷமும் குனியவேண்டும். கோச் காலையிலேயே இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "நீங்கதான் அவளுக்குக் கைக்கெட்டற தூரத்துல நிக்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க, தாங்குவாளா?" என்று. "நீங்க பாக்காததையா நான் பாத்துட்டேன் கோச்" என்று நழுவிவிட்டு வந்தாள். முடியாது என்றால் குடும்பத்தின் தலையில் மண்ணைப் போட்டவள், முடியும் என்றால் அவள் காலைக் காவு கொடுத்தவள்.

உனக்கு இதில் ஒன்றுமே இல்லையா, உன்னைத்தான் கேட்கிறேன், யோக்கியமாகச் சொல் என்று உள்ளே ஒரு குரல் குடைந்தது... பந்து தயாராகட்டும் என்று கோச் கையைக் காட்டி நிறுத்தியிருந்தார், குனிந்தபடியே இருந்ததில் கழுத்து வலித்தது. அவள் கோல் ஒவ்வொன்றிலும் தன் கை இருக்கிறது, அது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று போர்வைக்குள் சிரித்துக்கொண்டவள் யார்? வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அவளைத் தோளில் தட்டிவிட்டு உன்னிடம் தண்ணீர் கேட்பார்களே, அப்போது, ஒரே ஒருநாள் நான் கையை எடுத்துவிட்டால் தெரியும் சேதி என்று நினைத்ததே இல்லையா நீ? நினைத்தாள், நினைத்தாள், அதற்கு இப்போது என்ன. இதுவும் அதுவும் ஒன்றா? அந்தக் கொப்புளத்துக்கு மருந்து போட்டதும் இதே கைதானே? வாயால் சொல்லத் தைரியம் இல்லை, கணவன் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது, அவள் முகத்தைப் பார்த்து அதைவிட முடியாது... இந்தப் பந்தை விதிப்படி நிறுத்தினால் போதும். இவள் ஒன்றும் குழி பறிக்கவில்லையே, தன் வேலையைச் சரியாகச் செய்கிறாள், அவ்வளவுதான். அவளால் குனிய முடியவில்லை என்பதை மேலே இருக்கிற மூவரும் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். காசு போகும், கால் மிஞ்சும். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாக இருக்காது.

பந்து வந்தது. இவள் நிறுத்தினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பந்து செத்து நின்றது, அசையவே இல்லை, எத்தனை அழகாக நிற்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பீரங்கி பந்துக்கு வரவில்லை. பந்து வழக்கமாக இருக்கும் இடத்துக்கு வந்தாள். மட்டை ஒரு சாண் முன்னால் வெறும் தரையை வாரிக்கொண்டு போனது, உடம்பு அதற்குள் சுழலத் தொடங்கிவிட்டது, மட்டையில் ஏறவேண்டிய கனம் ஏறாததால் அவளே எறியப்பட்டவளாக முறுக்கிக்கொண்டு போய், இடது கால் மடங்கி, பக்கவாட்டில் விழுந்தாள். ஈரப்புல்லில் சறுக்கிக்கொண்டே கொஞ்சதூரம் போனாள். பந்து அதே இடத்தில் இருந்தது. இடுப்பு முடியாமல் விழவில்லையே அவள், குனிய முடியாமல் விழவில்லையே. குனிந்தாளா, முழுசாகக் குனிந்தாளா, அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகப் பொய்யான இடத்துக்கே பழகின உடம்பு அல்லவா அது, அதைப் பழக்கியது யார்? உண்மையான இடத்தில் வைத்திருந்தால் அவள் என்றைக்கோ தானாக நிறுத்தியிருப்பாளோ, இல்லை, வலியோடு இன்னும் நன்றாகவே எறிந்துகொண்டிருப்பாளோ. ஐந்து வருஷத்துக்கு அவள் தாங்குவாளா மாட்டாளா என்பதை இனி யார் வந்து எடைபோட்டாலும் போடமுடியாது, இவள் கை அந்தத் தராசில் இருந்துவிட்டது.

கோச் ஓடிவந்தார். வந்தவர் விழுந்தவளைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். "என்னாச்சு? பந்து சரியா நிக்கலையா?" என்றார். இவள் வாயைத் திறந்தாள், என்ன சொல்லத் திறந்தாளோ தெரியவில்லை, அதற்குள் தரையிலிருந்து குரல் வந்தது. "நல்லாத்தான் நின்னுது கோச். அண்ணி எப்பவும் வைக்கற எடத்துலதான் வெச்சாங்க. நான்தான் கணக்குத் தப்பா வந்துட்டேன்." மேலே இருக்கிறவர்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். கணக்கர் முதலாளியின் காதுப்பக்கம் சாய்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், முதலாளி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோச் விசிலைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

இவள் கையை நீட்டினாள். பீரங்கி பிடித்துக்கொண்டு எழுந்தாள், பாரம் முழுக்க வலதுகாலில்தான் ஏறியது, இடதுகாலை ஊன்றுவதற்குமுன் குனிந்து அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வைத்தாள். "இன்னொண்ணு போட்டுடலாம் கோச்" என்று அங்கே குரல் கொடுத்தாள் பீரங்கி. பிறகு கையை விடாமல், இவள் காதுக்கு மட்டும், கோபம் ஒரு துளியும் இல்லாமல், மளிகைக் கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"இந்தத் தடவை எங்க வைக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணி."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு நடந்தாள். அப்படியென்றால் முதல் பந்திலிருந்தே... இரண்டு வருஷமும் தெரிந்தே, இவள் எங்கே வைப்பாளோ அங்கே, பந்தைப் பார்க்காமலேயே வந்திருக்கிறாள். அவளை ஊரே பீரங்கி என்றது, அவள் இந்த ஒரு சாணை நம்பி ஓடிவந்திருக்கிறாள். என்ன சொல்வது, முன்னால் வைக்கிறேன் என்றா, விதிப்படி வைக்கிறேன் என்றா, எதைச் சொன்னாலும் அவள் அங்கே வந்து நிற்பாள். பின்னால் அவள் மூச்சு கேட்டது, பதிலுக்குக் காத்திருக்கிற மூச்சு. கோல் கோட்டில் அந்தப் பெண் பந்தைத் தள்ளுவதற்குக் குனிந்துவிட்டாள். இவளும் குனிந்தாள்.