கொல்லையில் ஒரு தகரப் பாத்தி

எங்கள் ஜெகதாப்பட்டினத்து மண்ணில் கீரை வராது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வராதுதான். இரண்டடி தோண்டினால் உப்புத் தண்ணீர். அதனால்தான் மண்ணைத் தரைக்கு மேலே தூக்கி வைக்க முடிவு செய்தேன்.

கத்தாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர் அர்ஷத்துக்கு வேறு திட்டம். கொல்லை முழுக்க சிமெண்டு போட்டுவிட்டால் கழுவிவிடச் சுலபம் என்றார். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் நாற்பது நாள் கெடு வைத்தார். அதற்குள் ஒரு வேளைச் சமையலுக்குக் கீரை பறித்துவிட்டால் கொல்லை எனக்கு, இல்லாவிட்டால் கொத்தனார் செம்மல் வருவார். எனக்கா பயம்? சரி என்றேன்.

ஐஸ் கம்பெனியில் கூரை மாற்றியபோது கழற்றிப் போட்ட நெளிதகரங்களைக் கேட்டு வாங்கி வந்தேன். உடைத்துப் போட்ட பழைய மீன்பிடிப் படகின் கட்டைகளை நாலு மூலையிலும் நட்டு, தகரத்தை வைத்து ஆணி அடித்தேன். கையைக் கிழிக்கும் மேல் விளிம்புக்குப் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டினேன். மண் கொட்டியதும் தகரம் மாசமான வயிறு மாதிரி வெளியே தள்ளியது. பாதி மண்ணை அள்ளிவிட்டு, இரண்டு பக்கத்தையும் குறுக்கே கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். அப்புறம் அசையவில்லை.

முட்டாள்தனம் செய்தது உரத்தில். மாமனார் வீட்டுத் தொழில் கருவாடு. காயப்போடும் களத்தில் கூட்டி அள்ளிய தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மீன் கழிவு போட்ட தென்னை எப்படிக் காய்க்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். நாலு மூட்டையைக் கலந்து சிறுகீரை விதைத்தேன். முளைத்தது. ஐந்தே நாளில் அத்தனையும் கருகியது. மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கருவாட்டை என்ன சர்க்கரையிலா போடுவார்கள்? உப்புக்குப் பயந்து மண்ணை மேலே தூக்கிவிட்டு, அந்த உப்பை நானே கொட்டியிருக்கிறேன். மாமியார் ஜன்னத் பீவி சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அழுகை வந்தது. அழுதுகொண்டே மண்ணை அள்ளி வெளியே போட்டேன். என்னோடு காலேஜில் படித்த சுடர்விழிக்கு அரிமளம் பக்கம் வயல். போன் போட்டேன். மறுநாளே ஒரு குட்டியானை வண்டி நிறையக் கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் வந்து இறங்கின. கெடுவில் பதினெட்டு நாள் மிச்சம். மறுபடி விதைத்தேன்.

நாற்பதாம் நாள் காலையில் கீரை நாலு விரல் உயரம். செம்மல் மணலும் சிமெண்டுமாக வந்து நின்றார். பச்சையைப் பார்த்ததில் அர்ஷத்துக்கும் சந்தோஷம்தான், முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பேச்சு மாறவில்லை.

"இன்னும் பறிக்கிற அளவு வரல நுஸைபா. நீயும் ஒத்துக்கிட்ட கெடுதான்."

நியாயம்தான். இன்னும் பத்து நாள் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று.

"தோத்துட்டேன் மச்சான், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு வருஷத்துல அறுபது நாள்தான் நீங்க இந்த வீட்ல இருக்கீங்க. மிச்ச நாளெல்லாம் கதவைத் தொறந்தா இந்தக் கொல்லையப் பாக்குறவ நான். இங்கிட்டு என்ன இருக்கணும்னு நான்தான் சொல்லணும்."

செம்மல் கையிலிருந்த மணல் சட்டியைக் கீழே வைத்தார். அர்ஷத் பாத்தியருகே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். ரோஷப்பட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தெனமும் ஒரு போட்டோ அனுப்பு," என்றார். "அங்கிட்டு நான் பாக்குறதெல்லாம் சிமெண்டுதான்."